ஊரின் இணையத்தளத்துக்கு அத்திவாரம்: வார்ப்புருவைத் தெரிவு செய்வது எவ்வாறு?

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதை காங்கேசன்துறையில் முடிவடைகின்றது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது அப்பாதையில் சேவை நின்றுபோனது. சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. ஊரவர்கள் இடம்பெயர்ந்தனர். கால் நூற்றாண்டு கழிந்து 2015 ஜனவரியிலேயே புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை வந்தடைந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த ஒரு தலைமுறை, தன் பெற்றோரின் ஊரைக் கண்ணால் காணாமலேயே வளர்ந்து முடித்துவிட்டது.

உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்கின் நிலங்கள் போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாத நிலங்கள் இன்னமும் உள்ளன. திரும்பிச் சென்ற பலர் தம் வீடு நின்ற இடத்தில் அத்திவாரத்தை மட்டுமே கண்டனர். அதனையும் காணாதோர் உளர். ஊரவர்களோ குடாநாட்டின் பிற பகுதிகளிலும், கொழும்பிலும், தமிழ்நாட்டிலும், கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலான நாடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். இத்தகைய ஓர் ஊருக்கு இணையத்தளம் என்பது வெறும் அலங்காரம் அன்று. எல்லோரும் ஒருங்கே வந்து சேரக்கூடிய ஒரே முற்றம் அதுவாகவே இருக்கலாம்.

இவ்வாறு ஊருக்கென ஓர் இணையத்தளமோ வலைப்பதிவோ அமைக்க முற்படுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த வார்ப்புருவைப் பயன்படுத்தலாம்?" என்பதே. பலரும் 'தீம்' என்று அழைப்பது இதனைத்தான். பெரும்பாலும் இக்கேள்விக்கு விடை கண்ணால் தேடப்படுகின்றது. முகப்பில் படங்கள் ஓடுகின்றனவா, நிறங்கள் கவர்ச்சியாக உள்ளனவா என்று பார்த்துத் தெரிவு செய்துவிடுகின்றோம். ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. இத்தளத்தை உருவாக்கியவர் விலகிச் சென்ற பின்னரும், வார்ப்புரு வழக்கொழிந்த பின்னரும், அதில் எழுதப்பட்டவை எஞ்சி நிற்குமா? தொடக்க வார்ப்புரு ஒன்றைத் தெரிவு செய்யும்போது இதனையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து.

இழந்தவற்றிலிருந்து கற்பவை

இணையத்தில் தமிழர்கள் புதியவர்கள் அல்லர். மதுரைத் திட்டம் 1998 இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இலும், வலைப்பதிவுகளைத் திரட்டித் தந்த தமிழ்மணம் 2004 இலும், ஈழத்து எழுத்தாவணமான நூலகம் 2005 இலும் தோன்றின. அதே ஆண்டுகளில் புலம்பெயர்ந்த இளைஞர்கள் பலர் தத்தம் ஊர்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஆலயங்களுக்கும் இணையப் பக்கங்களை அமைத்தனர். அவற்றுள் எத்தனை இன்றும் திறக்கின்றன என்று வாசகர்கள் தாமே தேடிப் பார்க்கலாம்.

அவை மறைந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இலவச இடத்தை நம்பியமை. 1994 இல் தொடங்கி 1999 இல் யாஹூவின் கைக்கு மாறிய ஜியோசிற்றீஸ், 2009 ஒக்டோபரில் ஜப்பான் தவிர்ந்த ஏனைய நாடுகளில் மூடப்பட்டது. வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் அத்துடன் போயின. தன்னார்வலர்கள் அள்ளிச் சேமித்த பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன.

இரண்டாவது காரணம் எழுத்துரு. அக்காலத்தில் ஈழத்தவரிடையே பெருவழக்காக இருந்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சு செய்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கணினியில் பதிவாகின. எழுத்துரு என்னும் சட்டை அவற்றைத் தமிழாகக் காட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'காங்கேசன்துறை' என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடமளித்த யுனிகோட் முறை 1991 இலேயே வெளிவந்திருந்தது. விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்த பின்னர் அது வீட்டுக் கணினிகளை எட்டியது. ஆயினும் பழக்கத்தை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. இன்று பாமினிப் பக்கம் ஒன்று கிடைக்குமாயின், சுரதா யாழ்வாணன் உருவாக்கியது போன்ற எழுத்துருமாற்றிகளைக் கொண்டு அதனை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியும். பக்கமே அழிந்துபோயிருந்தால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது ஒன்றே. எழுத்தும் தோற்றமும் தனித்தனியாக இருத்தல் வேண்டும். தோற்றம் காலத்துக்குக் காலம் மாறும். எழுத்து நிலைக்க வேண்டும்.

வார்ப்புரு என்றால் என்ன?

இன்று உலகின் இணையத்தளங்களில் 40 வீதத்துக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் திறந்த மூல மென்பொருளில் இயங்குகின்றன. 2003 மே மாதத்தில் வெளிவந்த இம்மென்பொருளில் 2005 ஆம் ஆண்டில் வார்ப்புரு முறை அறிமுகமானது. அதனையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் மூன்று அடுக்குகள் உள்ளன. நாம் எழுதும் கட்டுரைகளும் விபரங்களும் தரவுத்தளத்தில் இருக்கும். இது முதலாவது. தளத்துக்குப் புதிய செயல்களைச் சேர்க்கும் பிளகின் எனப்படும் செருகுநிரல்கள் இரண்டாவது. எழுதியவற்றை எந்த அமைப்பில், எந்த நிறத்தில், எந்த எழுத்துருவில் காட்டுவது என்று தீர்மானிக்கும் வார்ப்புரு மூன்றாவது. முறையாக அமைக்கப்பட்ட தளத்தில் வார்ப்புருவைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் எழுதியவை அப்படியே இருக்கும்.

வார்ப்புருக்களிலும் வகைகள் உள்ளன. ஆயத்த வார்ப்புரு என்பது கட்டி முடித்து நிறம் பூசிய வீடு போன்றது. குடிபுகலாம், ஆனால் சுவரை நகர்த்துவது கடினம். சேய் வார்ப்புரு என்பது அத்தகைய வீட்டுக்கு நாம் போடும் பத்தி போன்றது. மூல வார்ப்புரு இற்றைப்படுத்தப்படும்போது நாம் செய்த மாற்றங்கள் அழியாமல் அது காக்கும். தொடக்க வார்ப்புரு என்பதோ அத்திவாரமும் தூண்களும் மட்டுமே. அதனை நிறுவிப் பார்ப்பவருக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துகள் மட்டுமே தென்படும். 'இதில் ஒன்றுமே இல்லையே' என்று எண்ணத் தோன்றும். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அதன் பயன். மற்றொருவர் வேறொரு மொழிக்காகவும் வேறொரு வணிகத்துக்காகவும் செய்துவைத்த அலங்காரங்களை இடித்து அகற்றும் வேலை நமக்கு இல்லை.

தொடக்க வார்ப்புருக்களில் பலரும் அறிந்தது, ஓட்டோமற்றிக் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட அண்டர்ஸ்கோர்ஸ் ஆகும். பக்கம், பதிவு, தேடல், காணாமற்போன பக்கத்துக்கான அறிவிப்பு என இன்றியமையாத கோப்புகள் மட்டுமே அதில் உண்டு. பிஎச்பி, சிஎஸ்எஸ் ஆகியவற்றில் ஓரளவு பயிற்சியுள்ள ஒருவர் அதன்மீது தாம் விரும்பியவாறு கட்டலாம். சேஜ் என்பது மற்றொன்று. அது தொழில்முறை நிரலாளர்களுக்குரியது. பல துணைக் கருவிகளை நிறுவினால்தான் அதில் வேலை செய்ய முடியும்.

2022 ஜனவரியில் வெளியான வேர்ட்பிரஸ் 5.9 பதிப்புடன் நிலைமை பெரிதும் மாறியது. புளொக் வார்ப்புருக்கள் எனப்படும் புதிய வகை அதில் இடம்பெற்றது. இவற்றில் தலைப்பகுதி, அடிப்பகுதி, பக்க அமைப்பு ஆகிய அனைத்தையும் நிரல் எழுதாமல் திரையிலேயே மாற்றலாம். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, நிறங்கள் ஆகியன ஒரே கோப்பில் அடங்கியிருக்கும். 2024 இல் வெளிவந்த 6.5 பதிப்பு எழுத்துருக்களை நிறுவும் வசதியையும் சேர்த்தது. வேர்ட்பிரஸுடன் இயல்பாகவே வரும் ட்வென்டி ட்வென்டி ஃபைவ் போன்றவை இவ்வகையின. நிரல் அறியாத ஊர்ச் சங்கத்தினருக்கு இன்று இதுவே ஏற்ற தொடக்கம் எனலாம்.

தமிழைத் தாங்குமா?

வார்ப்புருவின் மாதிரிப் பக்கம் எப்போதும் ஆங்கிலத்திலேயே காட்டப்படும். அதில் அழகாகத் தோன்றுவது தமிழை இட்டவுடன் குலைந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அதற்கான காரணங்களை அறிந்துகொண்டால் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் எழுத்துரு. வார்ப்புருவுடன் வரும் எழுத்துரு பெரும்பாலும் இலத்தீன் எழுத்துகளுக்கு மட்டுமே உரியது. தமிழ் எழுத்துகள் வாசகரின் கருவியில் ஏற்கனவே உள்ள ஏதோவொரு எழுத்துருவில் தோன்றும். ஒரே வரியில் ஆங்கிலச் சொல் ஒரு பருமனிலும் தமிழ்ச் சொல் இன்னொரு பருமனிலும் நிற்பது இதனாலேயே. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை நமது வழங்கியிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். தொடக்க வார்ப்புருவில் இதற்குச் சில வரிகள் போதும்.

அடுத்தது வரி இடைவெளி. தமிழ் எழுத்துகளில் மேலே புள்ளியும் இகர, ஈகார விசிறிகளும், கீழே உகர, ஊகாரச் சுழிகளும் உள்ளன. ஆங்கிலத்துக்கென எழுத்தின் அளவைப்போல் 1.4 அல்லது 1.5 மடங்காக வைக்கப்பட்ட வரி உயரம் தமிழுக்கு நெருக்கடியாகும். ஏறத்தாழ 1.7 அல்லது 1.8 மடங்காக அதனை உயர்த்தினால் முதியோரும் சிரமமின்றி வாசிக்கலாம். தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கிக் காட்டும் விதி இருந்தால் அதனை நீக்கிவிட வேண்டும். சாய்வெழுத்தும் அவ்வாறே. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவம் தனியே வரையப்படாமையால் உலாவி தானாகவே அவற்றைச் சரித்துக் காட்டும்; அது கண்ணுக்கு உவப்பாக இராது. பந்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்தில் 'கொ' போன்ற எழுத்து இரண்டாகப் பிரிந்துபோகவும் கூடும்.

மூன்றாவது, சொற்களின் நீளம். ஒட்டி வளரும் இயல்புடைய நம் மொழியில் ஒரு சொல்லே கைத்தொலைபேசியின் அகலத்தை நிரப்பிவிடும். 'காங்கேசன்துறையிலிருந்து' என்பதைப் பெரிய தலைப்பாக இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். நீண்ட சொல்லைத் திரைக்குள் மடக்கும் விதி வார்ப்புருவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகப்பில் காட்டும் சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் இயல்பாக 55 சொற்களை எடுக்கும். தமிழில் 55 சொற்கள் ஆங்கிலத்தின் 55 சொற்களைவிட மிகுந்த இடத்தைப் பிடிப்பதால் பெட்டிகள் ஒழுங்கின்றி நீளும். தொடக்க வார்ப்புருவில் இவ்வெண்ணைக் குறைப்பது எளிது.

நான்காவது, பக்கங்களின் முகவரி. இது வார்ப்புருவின் குற்றமன்று. ஆயினும் தளத்தை அமைக்கும் முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியது. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளுக்குள் 9 எழுத்துகளாக விரியும். 'காங்கேசன்துறை' என்னும் சொல்லில் 13 யுனிகோட் குறிகள் உள்ளன. எனவே அச்சொல் மட்டும் 117 எழுத்துகளாகிவிடும். வேர்ட்பிரஸ் இம்முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துகளையே அனுமதிப்பதால் நீண்ட தமிழ்த் தலைப்புகள் இடையில் வெட்டுப்படும். ஆகவே முகவரிக்கென ஒன்றிரண்டு சொற்களைத் தனியே தெரிந்து இடுவதே நன்று.

'மேலும் வாசிக்க', 'தேடுக', 'கருத்துகள்' போன்ற சொற்கள் வார்ப்புருவினுள்ளே ஆங்கிலத்தில் அமைந்திருக்கும். அவை மொழிபெயர்ப்புக்கு ஆயத்தமாக வைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரு தெரிவுகள் உண்டு. 'அக்டோபர்' என்றோ 'ஒக்டோபர்' என்றோ தளம் எழுதுவது இத்தெரிவைப் பொறுத்தது. ஊரின் தளம் ஊரின் வழக்கில் பேசுவதே முறை.

வலமிருந்து இடமாக

1990 ஆம் ஆண்டு இடம்பெயர்வின் ஆண்டு என்பது தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் குடும்பங்கள் புத்தளம் முதலிய இடங்களில் புதிதாக வாழ்வைத் தொடங்க வேண்டியதாயிற்று. காங்கேசன்துறையாருக்கு உள்ள அதே தேவை அவர்களுக்கும் உண்டு. பாடசாலை, பள்ளிவாசல், தெரு, கடை, உறவு ஆகியவற்றின் பதிவு ஓரிடத்தில் சேர வேண்டும்.

அத்தகைய தளத்தில் தமிழுடன் அறபு வாசகங்களும் இடம்பெறும். பள்ளிவாசல் கல்வெட்டு, மீஸான் கல்லின் எழுத்து, திருக்குர்ஆன் வசனம், முன்னோர் எழுதிய அறபுத்தமிழ் ஏடு ஆகியன வலமிருந்து இடமாகச் செல்பவை. இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழ்ப் பந்தியின் நடுவே அவை வரும்போது, திசையை முறையாகக் குறிக்காத பக்கத்தில் நிறுத்தக்குறிகள் இடம் மாறும்; எண்கள் முன்பின்னாகும். வேதவசனம் ஒன்றில் அவ்வாறு நேர்வதை எவரும் விரும்பார். நல்ல தொடக்க வார்ப்புருக்களில் வலமிருந்து இடமாகச் செல்லும் மொழிகளுக்கான விதிகள் முன்னரே எழுதப்பட்டிருக்கும். வார்ப்புருவின் விபரத்தில் இதனைத் தேடிப் பார்த்த பின்னரே தெரிவு செய்ய வேண்டும். சிங்களத்திலும் பக்கங்களை வைக்க எண்ணுவோருக்கு மும்மொழிச் சோதனை இன்றியமையாதது.

சுமை குறையட்டும்

ஊரின் தளத்தை யார் வாசிப்பர்? ரொறன்ரோவில் அதிவேக இணைப்புடன் இருப்பவர் வாசிப்பார். கீரிமலையிலோ தையிட்டியிலோ மீளக்குடியேறிய வீட்டில், பழைய கைத்தொலைபேசியில், டேட்டா முடிந்துவிடுமோ என்ற கவலையுடன் திறப்பவரும் வாசிப்பார். வார்ப்புரு இரண்டாமவருக்காகவே தெரிவு செய்யப்பட வேண்டும். ஓடும் படங்களும் அசையும் எழுத்துகளும் பல கோப்புகளை இறக்கிய பின்னரே தோன்றுபவை. தொடக்க வார்ப்புருவில் இவை இல்லாமையால் பக்கம் விரைவில் திறக்கும்.

இதனை அளந்தறியக் கூகிள் நிறுவனம் ஓர் இலவசக் கருவியைத் தருகின்றது. குரோம் உலாவியிலேயே உள்ள அக்கருவியின் பெயர் லைட்ஹவுஸ், அதாவது வெளிச்சவீடு. கரையில் வெளிச்சவீடு நிற்கும் காங்கேசன்துறையாருக்கு இப்பெயர் மறக்காது. வேகம், பார்வைக் குறைபாடுள்ளோருக்கான வசதி, தேடுபொறிக்கு ஏற்ற அமைப்பு ஆகியவற்றுக்கு அது 100க்கு எத்தனை புள்ளி என்று காட்டும். தெரிவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வார்ப்புருவையும் ஒரே பக்கத்தைக் கொண்டு அதில் சோதித்து ஒப்பிடலாம்.

பூட்டப்படாத எழுத்து

நாம் முதலில் கூறிய அளவுகோலுக்கு மீண்டும் வருவோம். ஆயத்த வார்ப்புருக்கள் சில, தமக்கே உரிய குறியீடுகளின் மூலம் பக்கத்தை அடுக்குகின்றன. அவ்வார்ப்புருவை நீக்கும் நாளில் கட்டுரையின் நடுவே அடைப்புக்குறிகளும் விளங்காத சொற்களுமாக எஞ்சும். நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருத்த எந்தச் சங்கத்துக்கு ஆள்பலம் இருக்கின்றது? பாமினி காலத்தில் எழுத்துருவுக்குள் பூட்டுண்ட எழுத்து, இன்று அலங்காரத்துக்குள் பூட்டுண்டு கிடக்க நாம் இடமளிக்கலாகாது.

இதன் நீட்சியாகவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரின் தளத்தில் ஆலயங்கள், பாடசாலைகள், மறைந்த பெரியோர், பழைய ஒளிப்படங்கள் என வெவ்வேறு வகைப் பதிவுகள் தேவைப்படும். இவ்வகைகளை வரையறுக்கும் நிரலை வார்ப்புருவினுள் எழுதுவது எளிதாகத் தோன்றும். ஆனால் வார்ப்புருவை மாற்றியவுடன் அப்பதிவுகள் கண்ணுக்குத் தென்படாமற் போகும். அவை தரவுத்தளத்தில் இருந்தும் காட்டுவாரின்றிக் கிடக்கும். ஆகவே வகைகளை வரையறுக்கும் நிரல் தனிச் செருகுநிரலிலேயே இருத்தல் வேண்டும். வார்ப்புரு தோற்றத்தை மட்டும் கவனித்துக்கொள்ளட்டும்.

உரிமமும் பராமரிப்பும் அடுத்துக் கவனிக்க வேண்டியவை. வேர்ட்பிரஸின் பொது உரிமத்தின் கீழ் வரும் வார்ப்புருவை எவரும் மாற்றலாம், பிரதி செய்யலாம், அடுத்தவரிடம் கையளிக்கலாம். கடைசியாக எப்போது இற்றைப்படுத்தப்பட்டது என்ற நாள் அதன் பக்கத்திலேயே இருக்கும். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைத் தவிர்ப்பதே நலம். பணம் கொடுத்துப் பெற வேண்டிய வார்ப்புருக்களின் கள்ளப் பிரதிகளை இலவசமாகத் தருவோரும் உளர். அவற்றில் தீய நிரல்கள் ஒளிந்திருப்பது பரவலாக அறியப்பட்ட ஒன்று. ஊரவர்களின் விபரங்கள் அடங்கிய தளத்தில் அத்தகையதொன்றை நிறுவுவது வீட்டுத் திறப்பைத் திருடனிடம் ஒப்படைப்பதற்குச் சமம். அன்றியும், காணி உறுதி விபரங்களையும் தனிநபர்களின் தொலைபேசி இலக்கங்களையும் பொதுப் பக்கத்தில் இடாதிருத்தல் விவேகமாகும்.

யாருக்கு எது?

தொடக்க வார்ப்புரு எல்லோருக்கும் உரியது என்று நாம் கூறவில்லை. சங்கத்தில் நிரல் அறிந்தவர் ஒருவரேனும் இருந்து, அவர் ஓராண்டேனும் பொறுப்பேற்பதாயின் அண்டர்ஸ்கோர்ஸ் போன்ற ஒன்றில் தொடங்கலாம். அத்தகையவர் இல்லையாயின் வேர்ட்பிரஸின் இயல்பு வார்ப்புருவை எடுத்து, எழுத்துருவையும் வரி இடைவெளியையும் மாற்றிக்கொண்டாலே போதுமானது. தனியொருவர் தம் நினைவுகளை எழுதுவதற்கு புளொக்கர் போதும். ஆனால் எழுதியவற்றை அவ்வப்போது இறக்கிப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஜியோசிற்றீஸ் கற்பித்த பாடத்தை மறந்துவிடக் கூடாது.

'சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும்' என்பர். வார்ப்புருவைத் தேடுமுன் தளத்தில் இடவிருக்கும் பத்துப் பக்கங்களை முதலில் எழுதிக்கொள்வது நன்று. மாவிட்டபுரம் ஆலயத்துக்கான காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியதால் துறைக்கு இப்பெயர் வந்ததென்னும் வழிவழிக் கதையை ஒரு பக்கமாக்கலாம். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதியின் 1975 இடைத்தேர்தலை ஒரு பக்கமாக்கலாம். இடம்பெயர்ந்து இயங்கி 2016 இல் தன் மண்ணுக்குத் திரும்பிய நடேஸ்வராக் கல்லூரிக்கு ஒரு பக்கம். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரின் நினைவுகளுக்கு ஒரு பக்கம். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்துக்கு ஒரு பக்கம். ஆள், இடம், ஆண்டு ஆகியவை குறிக்கப்பட்ட பழைய ஒளிப்படங்களும் வேண்டும். இவற்றை ஒவ்வொரு வார்ப்புருவிலும் இட்டு, வீட்டிலுள்ள மிகப் பழைய கைத்தொலைபேசியில் திறந்து, மூக்குக்கண்ணாடி அணியும் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடையின்றி வாசிக்கும் வார்ப்புருவே ஊருக்கு உகந்தது.

இறுதியாக, தளத்தின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. மூன்று நாடுகளில் மூவரிடமேனும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தளத்தையும் பிரதி எடுத்து ஊரிலும் ஒன்று வைக்கப்படட்டும். அச்சில் வந்த மலர்களையும் நினைவேடுகளையும் நூலகம் போன்ற ஆவணகத்துக்கும் அனுப்பிவைக்கலாம்.

காங்கேசன்துறையின் முதியோர் பலர் தம் வீடிருந்த ஒழுங்கையின் பெயரையும், அடுத்த வீட்டாரின் பெயரையும், கிணற்றடியில் நின்ற மரத்தையும் இன்றும் சொல்லக் கூடியவர்கள். அவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். வார்ப்புருவைப் பின்னரும் மாற்றிக்கொள்ளலாம். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியதை இப்போதே எழுதியாக வேண்டும்.